டோயிங் டேங்க் புக் பண்ணும் முன் போட வேண்டிய கணக்குகள்

இழுவைத் தொட்டியில் (டோயிங் டேங்க், கப்பல் மாதிரிகளைத் தண்ணீரில் இழுத்துப் பார்க்கும் நீளத் தொட்டி) 10 நாள் வேலை என்று கணக்குப் போட்டு நாள் வாங்கினேன். முடிந்தபோது 21 நாள் ஆகியிருந்தது. தொட்டிக்கு ஒரு நாள் வாடகை 45,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வீணான 11 நாளுக்கு 4,95,000 ரூபாய், இரண்டாம் தடவை பெயின்ட் அடித்ததற்கு 32,000 ரூபாய், அந்தப் பெயின்ட் காயும் வரை சும்மா இருந்த 12 நாள் வேறு. பணத்தை விட மனசை அறுப்பது இன்னொன்று. வீணான ஒவ்வொரு நாளுக்கும் பின்னால் ஒரு எண் இருந்தது. அந்த எண்ணை வீட்டிலேயே உட்கார்ந்து கால்குலேட்டரில் தட்டிப் பார்த்திருக்கலாம். சூத்திரம் எல்லாம் பாடப் புத்தகத்தில் இருந்தது. எந்த இடத்தில் அதைப் போட்டுப் பார்க்கணும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தண்ணீர் உராய்வு, நீரடி ஒலி என்று முதல் தடவையாகத் தொட்டிக்குப் போகிறவர்களுக்காக நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வேலை இதுதான். கப்பலின் அடிப்பக்கம் பாசியும் கொட்டலசும் பிடிக்காமல் இருக்க அடிக்கிற சிலிக்கோன் பூச்சு ஒன்று. அதை அடித்த தகட்டையும் அடிக்காத தகட்டையும் தண்ணீரில் இழுத்து, உராய்வு எவ்வளவு மாறுகிறது, தகட்டின் மேல் ஓடும் தண்ணீர் எழுப்பும் இரைச்சல் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மூலம் ஒன்றேதான்: தகட்டை ஒட்டி ஓடும் கொந்தளிப்பான பவுண்டரி லேயர். அது தகட்டை இழுத்தால் உராய்வு, தட்டினால் இரைச்சல். கடற்படைக் கப்பல்களில் இரண்டையுமே பார்ப்பார்கள். அடிப்பக்கம் கெட்டியாகக் கொட்டலசு பிடித்த ஒரு போர்க்கப்பலுக்கு எஞ்சின் சக்தி 86 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்படும் என்று அமெரிக்கக் கடற்படை அகாடமியின் மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007-ல் கணக்கிட்டுக் காட்டினார். இரைச்சல் கூடினால் கப்பலின் சோனாருக்கே காது அடைத்துப் போகும்.

இந்தச் சோதனைக்கு வயது 150-ஐத் தாண்டிவிட்டது. 1872-ல் இங்கிலாந்தின் டார்கீ ஊரில் வில்லியம் ஃப்ரூட் 278 அடி நீளத்துக்குத் தொட்டி கட்டினார். 19 அங்குல அகலப் பலகைகளை 50 அடி நீளம் வரைக்கும் செய்து, ஒன்றுக்கு வார்னிஷ், ஒன்றுக்கு வெள்ளீயத் தாள், ஒன்றுக்கு நம் கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கிய காலிகோ துணி, ஒன்றுக்கு மணல் என்று ஒட்டி இழுத்துப் பார்த்தார். பலகை நீள நீள, சதுர அடிக்கு உண்டான உராய்வு குறைகிறது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். முன்பகுதி இழுத்துக்கொண்டு வந்த தண்ணீருக்குள்ளேதான் பின்பகுதி போகிறது என்பது காரணம். மணல் பலகையை அவர் ஏன் சேர்த்தார் என்பதன் அருமை எனக்கு 21-ஆம் நாள்தான் உறைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் தகடு 2 மீட்டர் நீள அலுமினியம், 12 மி.மீ. தடிமன், தண்ணீருக்குள் 0.6 மீட்டர் ஆழம். இரண்டு பக்கமும் சேர்த்து நனையும் பரப்பு 2.4 சதுர மீட்டர். 28 டிகிரி நல்ல தண்ணீரில் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இழுத்தால் ரெய்னால்ட்ஸ் எண் (வேகம், நீளம், பாகுமை மூன்றையும் சேர்த்துச் சொல்லும் எண்) ஏறத்தாழ 48 லட்சம். 1957-ஆம் வருட ஐ.டி.டி.சி. (சர்வதேச இழுவைத் தொட்டி மாநாடு) கோட்டின்படி, அந்த எண்ணின் பத்தடிமான மடக்கையிலிருந்து 2-ஐக் கழித்து, வருவதை வர்க்கமாக்கி, 0.075-ஐ அதனால் வகுத்தால் உராய்வுக் கெழு 0.00342. விசை 16.4 நியூட்டன், அதாவது 1.7 கிலோ எடைக்குச் சற்றுக் குறைவு. முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். ஏனென்றால் தொட்டியில் வழக்கமாக மாட்டியிருக்கும் லோட் செல் (விசையை அளக்கும் கருவி) கப்பல் மாதிரிகளுக்கானது, 500 நியூட்டன் கொள்ளளவு. அதன் பிழை முழு அளவில் 0.05 சதவீதம் என்றால் கால் நியூட்டன். என் 16 நியூட்டனில் அது ஒன்றரை சதவீதம். நான் தேடிப் போன வித்தியாசமே 2 சதவீதம்தான். நல்லவேளையாக இதை மட்டும் முன்பே பார்த்து 50 நியூட்டன் செல் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதையும் மாட்டிய இடத்திலேயே வைத்து, கப்பியும் எடைக்கல்லும் போட்டு, எடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கோளாறு செல்லில் இருக்காது, கப்பியின் பேரிங்கில் இருக்கும்.

முதல் இரண்டு நாளைத் தண்ணீரே சாப்பிட்டது. காலையில் போனதும் இழுத்தேன், எழுதினேன், திரும்பி வந்தேன், ஐந்து நிமிஷத்தில் மறுபடி இழுத்தேன். ஒரே வேகத்துக்கு 3 சதவீதம் வரை முன்னும் பின்னுமாக எண்கள் வந்தன. கேரேஜ் (தொட்டியின் மேல் தண்டவாளத்தில் ஓடித் தகட்டை இழுக்கும் வண்டி) ஓட்டும் பெரியவர் மதியம் வரைக்கும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காலைல முதல் ரன் தண்ணியை எழுப்புறதுக்குத்தான். அதை நோட்டுல ஏத்தாதீங்க. அடுத்தடுத்த ரன்னுக்கும் தண்ணி தூங்குற வரைக்கும் விடணும்." அவர் சொன்னதில் முழு விஷயமும் இருக்கிறது. ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த தண்ணீரில் மேலே சூடும் அடியில் குளிர்ச்சியுமாக அடுக்கு விழுந்திருக்கும். முதல் ரன் அதைக் கலக்குகிறது. பிறகு ஒவ்வொரு ரன்னிலும் தகடு தன் பின்னால் கொஞ்சம் தண்ணீரை இழுத்துவிட்டுப் போகிறது. அந்த மிச்ச ஓட்டம் விநாடிக்கு 1 சென்டிமீட்டர் இருந்தாலே, 1 மீட்டர் வேகத்தில் இழுக்கும்போது வேகப் பிழை 1 சதவீதம், விசைப் பிழை கிட்டத்தட்ட 2 சதவீதம். ரன்னுக்கு ரன் 20 நிமிஷம் விட்ட பிறகு எண்கள் 0.5 சதவீதத்துக்குள் வந்து உட்கார்ந்தன. அப்படியானால் ஒரு நாளைக்கு 18 ரன்னுக்கு மேல் ஓடாது. நாள் வாங்கும்போதே இந்த 18-ஐ வைத்துத்தான் வகுத்துப் பார்க்க வேண்டும். நான் 40 என்று நினைத்து வகுத்திருந்தேன்.

வெப்பநிலையும் இதோடு சேர்ந்ததுதான். பூச்சில்லாத தகட்டை இழுத்தபோது தண்ணீர் 27 டிகிரி. பெயின்ட் அடித்த தகடு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறி 30 டிகிரி. சூடு ஏறினால் தண்ணீரின் பாகுமை குறைகிறது. இந்த 3 டிகிரிக்கு உராய்வுக் கெழு 1.2 சதவீதம் இறங்குகிறது, எடையில் 20 கிராம். இதைத் திருத்தாமல் விட்டிருந்தால் அந்த 20 கிராமும் பெயின்டின் சாதனையாக ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும். தெர்மாமீட்டரை மேல்மட்டத்தில் வைக்காதீர்கள். தகட்டின் பாதி ஆழத்தில், இங்கே 30 சென்டிமீட்டரில் வைத்து, ஒவ்வொரு ரன்னுக்கும் பத்தில் ஒரு டிகிரி வரை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் தகட்டின் கோணத்தில் போனது. கண்ணுக்கு நேராகத்தான் நின்றது. ஆனால் அரை டிகிரி திரும்பியிருந்தாலே தகடு ஒரு சுக்கான் மாதிரி வேலை செய்யும். என் தகட்டின் அளவுக்கு, 2 மீட்டர் வேகத்தில், அரை டிகிரிக்குப் பக்கவாட்டு விசை சுமார் 20 நியூட்டன் வருகிறது. அளக்க வந்த 16 நியூட்டனை விட அது பெரிசு! பக்கவாட்டு விசையில் 2 சதவீதம் இழுவைச் செல்லுக்குள் கசிந்தால் 0.4 நியூட்டன், அதாவது இரண்டரை சதவீதப் பிழை. தீர்வு எளிது. பக்கவாட்டுக்கு இரண்டாவது லோட் செல் ஒன்றைப் போட்டு, பின்பக்கத் தாங்கியின் திருகை ஒரு சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி, அந்த விசை பூஜ்யத்துக்கு வரும் இடத்தில் பூட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தடவை தகட்டைக் கழற்றி மாட்டும்போதும் இதைத் திரும்பச் செய்யணும். அரை நாள் எடுக்கும், தவிர்க்கவே கூடாது.

அடுத்து நடந்ததுதான் அதிகம் வலித்தது. பெயின்ட் தகட்டை இறக்கி விநாடிக்கு 0.8 மீட்டரில் இழுத்தேன். பூச்சில்லாத தகட்டை விட உராய்வு 20 சதவீதம் குறைவு. திரும்ப இழுத்தேன், அதே 20 சதவீதம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 20 சதவீதம் என்பது இந்தத் துறையில் பெரிய எண்; யாருக்காவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. மறுநாள் வேகத்தைக் கூட்டினேன். 1.2 மீட்டரில் 8 சதவீதமாகச் சுருங்கியது. 1.6-ல் ஒன்றுமே இல்லை. அதற்கும் மறுநாள் தகட்டை வெளியே தூக்கி, முன்விளிம்பிலிருந்து 100 மி.மீ. தள்ளி ஒட்டியிருந்த ட்ரிப் வயரின் (ஓட்டத்தைக் கலைத்துவிடும் மெல்லிய கம்பி) மேல் நகத்தால் கீறிப் பார்த்தேன். கம்பி தட்டுப்படவே இல்லை. வழவழவென்று ஒரு சின்ன மேடு மட்டும் இருந்தது. பெயின்ட் கடையில் கம்பியோடு சேர்த்தே மூன்று கோட்டும் அடித்துவிட்டார்கள். எபாக்சி பிரைமர், ஒட்டுப் பூச்சு, மேலே சிலிக்கோன் என்று மொத்தம் 375 மைக்ரான். கம்பியின் உச்சியில் பெயின்ட் வழிந்து மெலிந்துவிட, இரண்டு பக்கப் பள்ளமும் நிரம்பி, 0.8 மி.மீ. கம்பி அரை மில்லிமீட்டர் மேடாகிவிட்டது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், கப்பலின் உடலெங்கும் ஓட்டம் கொந்தளிப்பாகத்தான் இருக்கும். சின்னத் தகட்டில், அசையாத தண்ணீரில், முன்பகுதி ஓட்டம் வரிசை கலையாமல் வழுக்கிக்கொண்டு போகும். அப்படிப் போகும் இடத்தில் உராய்வு மிகக் குறைவு. அதைக் கலைத்துவிடத்தான் கம்பி. கம்பி தன் வேலையைச் செய்யுமா என்று பார்க்க, வேகத்தைக் கம்பியின் உயரத்தால் பெருக்கி, கைனமேட்டிக் பாகுமையால் (பாகுமையை அடர்த்தியால் வகுத்தது) வகுத்துப் பாருங்கள். 600-க்கு மேல் வர வேண்டும், அதுவும் நீங்கள் ஓட்டப்போகும் மிகக் குறைந்த வேகத்தில். 0.8 மி.மீ. கம்பிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் 766 வருகிறது. அரை மில்லிமீட்டருக்கு 478, போதாது. 0.8 மீட்டர் வேகத்தில் முதல் அரை மீட்டர் மட்டும் கலையாமல் இருந்தாலே மொத்த உராய்வு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்று பிரான்டில்–ஷ்லிக்டிங் சூத்திரமே சொல்கிறது. என் 20 சதவீதத்தின் வண்டவாளம் அதுதான். குறைவேகத்தில் பெரிய லாபம், வேகம் கூடக் கூடக் கரைகிறது என்ற வடிவத்தை உங்கள் வரைபடத்தில் எப்போது பார்த்தாலும் பூச்சைப் பாராட்டும் முன் கம்பியைத் தொட்டுப் பாருங்கள்.

கம்பியைப் பெயின்ட் காய்ந்த பிறகு மேலே ஒட்ட வேண்டும், இரண்டு தகட்டுக்கும் ஒரே சுருளிலிருந்து வெட்ட வேண்டும். கம்பிக்கே சில சதவீத இழுவை உண்டு என்பதால் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் கழிந்துபோகும். வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க, தொட்டிக்காரர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, கேசரிப் பவுடர் கரைசலைச் சின்ன ஊசியால் கம்பிக்கு முன்னால் ஒரு துளி விடுங்கள். கம்பியைத் தாண்டியும் நூல் மாதிரி நேராக ஓடினால் கம்பி தோற்றுவிட்டது. தாண்டியதும் புகை மாதிரி விரிந்தால் சரி.

மறுபடி பெயின்ட் அடித்து வந்த தகட்டில் உராய்வு கூடுதலாக வந்தது, 3 முதல் 4 சதவீதம். காலையில் குறைவு, மதியம் அதிகம். டார்ச்சைத் தண்ணீர் மட்டத்துக்குச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பன்னீர் சோடா பாட்டிலின் உள்பக்கம் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரித் தகடு முழுக்கப் பொடிக் குமிழ்கள். சிலிக்கோனுக்குத் தண்ணீர் ஒட்டாது, காற்றுதான் ஒட்டும். மதியம் தண்ணீர் சூடாகும்போது கரைந்திருக்கும் காற்று வெளியே வந்து முதலில் உட்காரும் இடம் அந்தப் பூச்சுதான். அரை மில்லிமீட்டர் குமிழ் என்பது ஓட்டத்தின் கண்ணுக்கு ஒரு மணல் துகள். தகட்டை ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னால் தண்ணீருக்குள் கையை விட்டு மெத்தென்ற ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகத் துடைத்தேன். குமிழ்கள் உதிர்ந்து மேலே வருவது கையிலேயே கூசும். அதன் பிறகு கூடுதல் 4 சதவீதம் காணாமல் போனது. சோப்புத் தண்ணீர் போட்டால் சீக்கிரம் நனையும் என்று யாராவது சொல்வார்கள். ஒரு சொட்டுக் கூடத் தொட்டிக்குள் விழக் கூடாது. இங்கே இரண்டு நாள் போனது.

தொட்டித் தண்ணீர் பற்றி இன்னும் ஒன்று. நீளச் சங்கிலி மூலக்கூறுகள் திரவத்தில் மிகச் சிறிய அளவு கலந்தாலே கொந்தளிப்பு உராய்வு படுத்துவிடும் என்பதை 1948-ல் டாம்ஸ் எடுத்துக் காட்டினார். பாசி வகைகள் சில அதே போன்ற பிசினைத் தண்ணீரில் விடும். இங்கிலாந்துத் தொட்டிகளில் திடீரென்று எல்லா மாதிரிகளின் இழுவையும் குறைந்துபோகும் நாட்களைப் 'புயல்' என்றே பெயரிட்டுக் குறித்து வைத்திருந்தார்கள். பின்னால்தான் பாசிப் பிசின் மேல் சந்தேகம் போனது. இங்கிலாந்தின் ஹாஸ்லர் தொட்டியில் 'ஐரிஸ்' கப்பலின் மாதிரி ஒன்றை அதற்காகவே வைத்துக்கொண்டு அவ்வப்போது இழுத்துத் தொட்டியின் உடல்நிலையைப் பார்த்தார்கள். நானும் பூச்சில்லாத தகட்டை வாரத்துக்கு ஒரு காலை 2 மீட்டர் வேகத்தில் இழுத்துப் பார்த்தேன். தண்ணீர் பச்சை தட்டியிருந்தால் இதைச் செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஹைட்ரோஃபோன் (தண்ணீருக்குள் ஒலி பிடிக்கும் மைக்) கதைக்கு வருகிறேன். தகட்டில் துளை போட்டு, முகம் தகட்டு மட்டத்தோடு இருக்கும்படி 9.5 மி.மீ. விட்டமுள்ள ஹைட்ரோஃபோன் ஒன்றைப் பதித்திருந்தேன். பணம் மிச்சம் என்று உராய்வையும் ஒலியையும் ஒரே ரன்னில் அளக்கத் திட்டம். அது தப்பு. ஹைட்ரோஃபோனின் கேபிள் தகட்டிலிருந்து கேரேஜுக்குப் போகிறது. லோட் செல்லைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு ஸ்பிரிங் அது. கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினால் விசை மாறுகிறது, இறுக்கினால் மாறுகிறது. உராய்வு நாளில் அந்தத் துளையை அக்ரிலிக் வில்லையால் மூடி, டயல் கேஜில் 0.05 மி.மீ.க்குள் மட்டம் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். ஒலி நாள் தனி.

ஹைட்ரோஃபோனின் உணர்திறன் ஒரு மைக்ரோபாஸ்கலுக்கு ஒரு வோல்ட் என்ற அடிப்படையில் மைனஸ் 211 டெசிபெல். காகிதத்தில் பார்க்க எதுவும் தோன்றாது. மாற்றிப் போட்டால் ஒரு பாஸ்கலுக்கு 28 மைக்ரோவோல்ட். கொந்தளிப்பின் அழுத்தம் 10 பாஸ்கல் இருந்தால் கையில் கிடைப்பது 0.28 மில்லிவோல்ட். இரண்டு மீட்டர் தள்ளி கேரேஜ் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. டிரைவ் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பதிவில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று கம்பங்கள் நட்ட மாதிரி கரண்ட் இரைச்சல், மேலே கிலோஹெர்ட்ஸில் டிரைவின் சீழ்க்கை. தண்ணீரின் சத்தம் அதற்குள் எங்கேயோ மூழ்கிக் கிடந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினேன். முன்பெருக்கிக்கு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி கொடுத்தேன். கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன், ஏனென்றால் தண்ணீரும் தண்டவாளமும் ஏற்கெனவே எர்த்தில் இருக்கின்றன, இரண்டாவது முனையையும் கட்டினால் வளையம் ஆகிவிடும். மோட்டார் கேபிளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தாண்ட வேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்டவைத்தேன். இவ்வளவும் செய்த பிறகு எது மிச்சம் என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு: ஹைட்ரோஃபோனைக் கழற்றிவிட்டு, அதே மின்தேக்கு அளவுள்ள, இங்கே 3,700 பிகோஃபேரட், கெப்பாசிட்டர் ஒன்றைத் தகர டப்பாவுக்குள் வைத்து அந்த இடத்தில் மாட்டி, கேரேஜை ஓட்டிப் பதிவு செய்யுங்கள். அதில் வருவது அத்தனையும் கரண்ட்; தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இத்தனைக்கும் பிறகு 1.5 மீட்டர் வேகத்தில் மட்டும் 50 ஹெர்ட்ஸ் கம்பம் மறுபடி எழுந்து நின்றது. ஒரு முழு நாள் எர்த் கம்பியைத் தேடி அலைந்தேன். கெப்பாசிட்டர் பதிவில் அது இல்லை. வேகத்தை 2 மீட்டராக்கினேன், கம்பம் 67 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்தது. கரண்ட் நகராது. தகட்டின் பின்னால் தொங்கிய 6 மி.மீ. கேபிள்தான் பாடிக்கொண்டிருந்தது. உருளையான எதையும் தண்ணீரில் இழுத்தால் அதன் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல் கழலும். அதன் அதிர்வெண், வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் வருவது. 1.5-ஐ 0.006-ஆல் வகுத்து 0.2-ஆல் பெருக்கிப் பாருங்கள், கச்சிதமாக 50. கேபிளைத் தகட்டின் பின்விளிம்போடு சேர்த்து டேப் போட்டு ஒட்டியதும் நின்றுவிட்டது. பின்விளிம்பு 12 மி.மீ. மொட்டையாக விட்டிருந்தால் அதுவும் 2 மீட்டர் வேகத்தில் 33 ஹெர்ட்ஸில் பாடும், 2 மி.மீ. வரை சீவிவிடுங்கள். எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் வேகத்தை மாற்றுங்கள். நகராமல் நின்றால் கரண்ட் அல்லது தகட்டின் சொந்த அதிர்வு. வேகத்தோடு சேர்ந்து நகர்ந்தால் சுழல் அல்லது கேரேஜ் சக்கரம். விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எது என்று பிடிபட்டுவிடும்.

கேரேஜின் அதிர்வைப் பிரிக்க ஹைட்ரோஃபோனுக்குப் பக்கத்தில் ஒரு ஆக்ஸிலரோமீட்டர் (அதிர்வை அளக்கும் கருவி) ஒட்டி இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து ஆடும் அதிர்வெண்களை அப்படியே தள்ளிவிடலாம். ஓட்டுநர் சம்மதித்தால், நடுத்தொட்டியில் டிரைவை நிறுத்திவிட்டு மூன்று விநாடி சும்மா உருளவிட்டுப் பதிவு செய்வது இன்னும் நல்லது. பிரேக் தனியாக வேலை செய்கிறதா என்று முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹைட்ரோஃபோன் முகத்திலும் குமிழ் உட்காரும். குமிழ் தன் அளவுக்கு ஏற்ற ஒரு சுருதியில் ஒலிக்கும் என்று 1933-ல் மின்னார்ட் காட்டினார்: மட்டத்துக்குப் பக்கத்தில், 1 மி.மீ. ஆரமுள்ள குமிழுக்கு 3.26 கிலோஹெர்ட்ஸ், பாதி ஆரத்துக்கு இரு மடங்கு. 3-லிருந்து 7 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு மேடு வந்து, துடைத்ததும் போனால் அது குமிழ். முகத்தின் விட்டமும் ஒரு விஷயம். கொந்தளிப்பின் சுழல்கள் ஓட்ட வேகத்தில் சுமார் 0.7 பங்கில் நகர்கின்றன. 2 மீட்டர் வேகத்தில் 150 ஹெர்ட்ஸ் சுழலின் நீளமே 9.5 மி.மீ.தான். அதற்கு மேலான அதிர்வெண்ணில் மேடும் பள்ளமும் ஒரே முகத்தில் விழுந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். கருவி குறைத்துச் சொல்லும். இதற்கு 1963-ல் கார்கோஸ் கொடுத்த திருத்தம் உண்டு. வேறு விட்டமுள்ள ஹைட்ரோஃபோனில் எடுத்த பழைய தரவோடு ஒப்பிட்டால் இதைப் போடாமல் ஒப்பிடாதீர்கள்.

ஹைட்ரோஃபோனின் அளவீட்டுச் சரிபார்ப்பைக் குறுகிய இழுவைத் தொட்டியில் செய்ய முடியாது, சுவரின் எதிரொலி கலந்துவிடும். 3 மீட்டர் அகலத் தொட்டியில் 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 3 மீட்டர். சென்னை பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஒலிச் சோதனைத் தொட்டி இருக்கிறது, 16 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம். அந்த அளவிலும் ஒலி எழுப்பும் கருவியையும் ஹைட்ரோஃபோனையும் நடு ஆழத்தில் 1 மீட்டர் இடைவெளியில் வைத்தால், மேல்மட்டத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி 4 மில்லிவிநாடியில் வந்துவிடும். அதற்குள் நாலைந்து சுற்றாவது முடிய வேண்டும் என்பதால் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலேயிருந்துதான் நம்பலாம். அதற்குக் கீழான அதிர்வெண்களுக்குப் பிஸ்டன்ஃபோன் (தெரிந்த அளவு அழுத்தத்தைக் கொடுக்கும் கருவி) தான்.

எத்தனை ரன் வேண்டும் என்பதும் கணக்கே. 80 மீட்டர் தொட்டியில் வேகம் எடுக்கவும் பிரேக் போடவும் போக 50 மீட்டர் மிச்சம். 2 மீட்டர் வேகத்தில் 25 விநாடி. 1 ஹெர்ட்ஸ் நுணுக்கத்தில், விநாடிக்கு ஒன்றாக, 25 சராசரிதான் கிடைக்கும், பிழை 0.8 டெசிபெல். அதை 0.3-க்குக் கொண்டுவர 200 சராசரி, அதாவது ஒரு வேகத்துக்கு 8 ரன். ஐந்து வேகம், இரண்டு தகடு என்றால் 80 ரன். நாளைக்கு 18 என்று வகுத்தால் ஒலிக்கு மட்டும் நாலரை நாள்.

கடைசியில் வந்த விடை: 2 மீட்டர் வேகத்தில் பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உராய்வில் 0.4 சதவீத வித்தியாசம், என் பிழையோ 1 சதவீதம். இரைச்சலிலும் 0.3 டெசிபெலுக்கு மேல் எதுவும் பிரியவில்லை. அப்போதுதான் முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். தகட்டை ஒட்டி மெல்லிய பாகுப் படலம் ஒன்று இருக்கிறது. அதற்குள் மூழ்கிவிடும் சொரசொரப்பு ஓட்டத்துக்குத் தெரியவே தெரியாது. 2 மீட்டர் வேகத்தில் என் தகட்டில் அந்தப் படலம் 50 மைக்ரான் சொச்சம். பூச்சின் சொரசொரப்பைக் கருவியில் அளந்தால் 25 மைக்ரான். அது தெரிய வழியே இல்லை. அதே பூச்சு 20 நாட் வேகத்தில் போகும் கப்பலில் இருந்தால் படலம் 15 மைக்ரானாகச் சுருங்கிவிடும், சொரசொரப்பு தலையை நீட்டும். அதைத் தொட்டியில் பார்க்க வேண்டுமானால் வேகமான தொட்டியோ நீர்ச்சுரங்கமோ வேண்டும்; அல்லது தெரிந்த சொரசொரப்புள்ள தகடு ஒன்றை இழுத்து, முறை சரியாக அளக்கிறது என்று காட்டிவிட்டு, கிரான்வில் முறையில் கப்பல் அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஃப்ரூடின் மணல் பலகை அந்த வேலைக்குத்தான் உதவும். 60-ஆம் நம்பர் உப்புத்தாளின் துகள் கால் மில்லிமீட்டர். என் தொட்டியில் அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். அது தெரியாமல் போனால் கோளாறு அளக்கும் முறையில்தான்.

ரிப்போர்ட்டில் 'இந்த வேகத்தில், இந்தப் பிழைக்குள், வித்தியாசம் தென்படவில்லை' என்றே எழுதினேன். ரன் வாரியாக நேரம், தண்ணீர் வெப்பநிலை, முந்தைய ரன்னிலிருந்து எத்தனை நிமிஷம், பக்கவாட்டு விசை, ஸ்பாஞ்சால் துடைத்தேனா இல்லையா என்ற ஐந்து பத்தியையும் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். உப்புத்தாள் ஒட்டிய மூன்றாவது தகடு தயாராகிவிட்டது. கம்பி உப்புத்தாளுக்கு முன்னால், வெறும் அலுமினியத்தின் மேல், நகத்துக்குத் தட்டுப்படும்படி ஒட்டியிருக்கிறது.